கேத்திப் பண்ணை வீடும் குந்தாவின் புற்கூரைகளும்

நீலகிரித் திருச்சபையின் தொடக்கத்தைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் ஆட்களின் பெயர்களிலிருந்தே தொடங்குவர். கசமேஜர் துரையின் கொடை, மெட்ஸ் ஐயரின் ஓயாத நடைப்பயணங்கள், 1858ஆம் ஆண்டில் நிகழ்ந்த முதல் படுகர் திருமுழுக்கு ஆகியவை நம் இறையியல் மாணவர்கள் நன்கறிந்த செய்திகள். இக்கட்டுரையில் நாம் ஆட்களை விடுத்து ஒரு வீட்டிலிருந்து தொடங்க விழைகிறோம். பாசல் மிஷன் இம்மலைகளில் காலூன்றிய இடம் ஓர் ஆலயமன்று, ஊர் மன்றமுமன்று. அது ஆங்கிலேயர் அமைத்த ஒரு பண்ணை. அப்பண்ணையின் பின்னணியிலுள்ள ஆங்கிலேயப் பண்ணை வீடு எத்தகையது, குந்தாச் சீமையின் ஹட்டிகளிலிருந்த புற்கூரை வீடுகளோடு அதற்குள்ள உறவு யாது, அவ்வுறவைக் காணத் தவறியதால் நம் சபைக்கு நேர்ந்தது என்ன என்பவற்றை ஆராய்தல் நம் நோக்கமாகும்.

கேத்திப் பள்ளத்தாக்கில் அரசாங்கப் பண்ணை 1830ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அப்போது சென்னை ஆளுநராயிருந்தவர் லஷிங்டன். மேஜர் க்ரூ என்பவரின் மேற்பார்வையில் ஐரோப்பியத் தானியங்களையும் காய்கனிகளையும் மலைமண்ணில் பயிரிட்டுப் பார்ப்பதே அதன் நோக்கம். அடுத்த ஆளுநரான ஆடம் காலத்தில், 1836இல், அரசாங்கம் அதைக் கைவிட்டது. பின்னர் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் சென் சிமோன் அவ்விடத்தைப் பெற்றுக்கொண்டார். அங்கே நடப்பட்டிருந்த தேயிலைச் செடிகளைப் பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவர நூலார் கவனித்துப் பேணினார். இன்று மலை முழுவதையும் போர்த்தியிருக்கும் தேயிலையின் முதற்செடிகளுள் சில இவ்வாறு இப்பண்ணையில் நின்றவையே. அதன்பின் 1837 முதல் 1842 வரை ஆளுநராயிருந்த எல்பின்ஸ்டன் பிரபு அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அங்கே சிறந்ததொரு மாளிகையைக் கட்டினார். அவருக்குப் பின் அது ஜார்ஜ் கசமேஜர் என்னும் ஓய்வு பெற்ற நீதித்துறை அலுவலரின் உடைமையாயிற்று. அவர் கன்னடம் கற்று, படுகர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்; 1846இல் பாசல் மிஷன் ஊழியர்கள் கேத்தியில் பணி தொடங்கத் துணைநின்றார்; 1849இல் இறக்கும்போது தம் சொத்தின் பெரும்பகுதியை மிஷனுக்கே எழுதிவைத்தார்.

ஆகவே கோதுமைக்கும் தேயிலைக்கும் தோண்டிய மண்ணிலேதான் நற்செய்தியும் விதைக்கப்பட்டது. எனினும் எல்பின்ஸ்டன் கட்டியது பிரபுவின் வீடு, உழவனின் வீடன்று. பிரபுவின் மாளிகையைக் கண்டு, 'வெள்ளையர் நாட்டில் எல்லாரும் இப்படித்தான் வாழ்ந்திருப்பர்' என்று ஹட்டி மக்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. நம் சபைகளில் இன்றும் அவ்வெண்ணம் முற்றிலும் மறையவில்லை. அதைத் தெளிவுபடுத்த இங்கிலாந்தின் உண்மையான உழவர் வீடொன்றை நாம் நோக்குவது தக்கது.

வார்விக்ஷயரில் ஷாட்டரி என்னும் சிற்றூரில் ஹியூலண்ட்ஸ் பண்ணை வீடு உள்ளது. நாடகப் புலவர் ஷேக்ஸ்பியர் 1582இல் மணந்த ஆன் ஹாத்தவேயின் பிறந்தகம் இது. சுற்றுலாப் பயணியர் இதனைக் குடில் என்று பெயரிட்டு அழைப்பினும், பன்னிரண்டு அறைகள் கொண்ட பண்ணை வீடே ஆகும். இதன் பழைய பகுதி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்பகுதியைத் தாங்கி நிற்பது சுவரன்று. இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்தை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி, தலைப்பகுதியை முகட்டில் இணைத்துவிடுவர். கூப்பிய இரு கைகளை இது ஒத்திருக்கும். இத்தகைய இணைகள் சிலவற்றை வரிசையாக நிறுத்தி, குறுக்கே உத்திரங்களிட்டு, கைமரங்களைப் பொருத்தினால் வீட்டின் எலும்புக்கூடு ஆயிற்று. கூரையின் பாரம் முழுவதும் அவ்வளைமரங்கள் வழியே தரைக்கு இறங்கிவிடும். சுவருக்கு இடைவெளியை அடைக்கும் வேலை மட்டுமே. எனவே மரச்சட்டங்களுக்கிடையே மிலாறுகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசினர். நம் நாட்டு வரிச்சுச் சுவரை அறிந்த எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது.

அதன்மேல் வேயப்பட்டது வைக்கோல். இங்கிலாந்தின் பல பகுதிகளில் கோதுமைத் தாளும், நீர்நிலைகள் மிகுந்த கிழக்குப் பகுதிகளில் நாணலும் பயன்பட்டன. தாளைக் கற்றைகளாகக் கட்டி, இறவாரத்திலிருந்து முகடுவரை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, முறுக்கி வளைத்த மிலாறுக் குச்சிகளால் தைத்து இறுக்குவர். கூரையின் சரிவு 45 பாகைக்குக் குறையலாகாது. 50 பாகையும் அதற்கு மேலும் இருத்தல் நலம். சரிவு மிகுந்தால் மழைநீர் மேற்பரப்பின் சில தாள்களை மட்டும் நனைத்து, தாளுக்குத் தாள் தாவி, இறவாரம் வழியே கீழே சொட்டிவிடும். உள்ளே ஓரடி கனமுள்ள கற்றைகள் உலர்ந்தே இருக்கும். மழைநீர்க் குழாய்கள் இல்லாமையால் இறவாரம் சுவரைவிட்டு நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். டெவன் பகுதியில் வைக்கோல் கலந்த வெறும் மண்ணைக் கொண்டே கனத்த சுவரெழுப்புவர். மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல காலணியும் இருந்தால் போதும் என்று அவ்வூரார் கூறுவதுண்டு. தொப்பி என்றது கூரையை. காலணி என்றது கல் அடித்தளத்தை.

கோதுமைத் தாள் கூரை இருபது, முப்பது ஆண்டுகள் தாங்கும். நாணல் அதனினும் நீண்ட காலம் நிற்கும். பழுதுறும்போது பழைய கூரை முழுவதையும் பிரித்தெறிவதில்லை. நைந்த மேற்பகுதியை மட்டும் நீக்கிவிட்டுப் புதுத் தாளைப் போர்த்துவர். இதனால் டெவன் மாவட்டத்துப் பழைய வீடுகள் பலவற்றில், அடியிலுள்ள முதல் அடுக்கு இடைக்காலத்ததாகவே இன்றும் எஞ்சியிருக்கிறது. அது முழுவதும் கரிபிடித்துக் கிடக்கிறது. அக்கரிபிடித்த தாள்களினின்றும் அக்காலக் கோதுமை வகைகளையும் களைகளையும் கூடத் தாவர ஆய்வாளர்கள் இனங்கண்டுள்ளனர்.

அக்கரி எங்கிருந்து வந்தது என்பதே நமக்கு முதன்மையான வினா. இடைக்கால ஆங்கில உழவர் வீட்டில் புகைபோக்கி இல்லை. கூடத்தின் நடுவே தரையில் அடுப்பு எரிந்தது. மேல்தளம் கிடையாது, கூடம் முகடுவரை திறந்திருந்தது. புகை மேலெழுந்து, கூரையில் தங்கி, தாள்களின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறியது. டெவனின் நீள்வீடுகளில் ஒரே கூரையின் ஒரு பாதியில் குடும்பமும், குறுக்கு நடைக்கு அப்பால் தாழ்ந்திருந்த மறு பாதியில் மாடுகளும் குளிர்காலத்தைக் கழித்தன. சாணநீர் வடியத் தரை நடுவே வாய்க்கால் ஒன்று வெட்டப்பட்டிருந்தது. மனிதரும் மாடும் நுழைந்த வாயில் ஒன்றே. 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் செங்கல்லாலும் கல்லாலும் புகைபோக்கி கட்டி, கூடத்தின் நடுவே தளமிட்டு, மாடியறைகளை அமைத்தனர். ஹியூலண்ட்ஸ் வீட்டின் மாடியும் புகைபோக்கிகளும் இவ்வாறு பிற்காலத்தில் சேர்ந்தவை. டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1953இல் இக்காலத்துக்குப் பெரும் மீள்கட்டுமானம் என்னும் பொருள்பட ஒரு பெயர் சூட்டினார். நெருப்பின் அச்சம் கூரைக்கு எப்போதும் உண்டு. 1212ஆம் ஆண்டின் தீ விபத்துக்குப் பின் இலண்டன் நகரில் வைக்கோற் கூரை தடை செய்யப்பட்டது. ஹியூலண்ட்ஸ் வீடும் 1969இல் தீயினால் சேதமுற்றுச் செப்பனிடப்பட்டது.

இவற்றை மனத்தில் இருத்திக்கொண்டு நம் குந்தாவுக்குத் திரும்புவோம்.

படுகர் நாட்டின் நான்கு சீமைகளுள் மேற்கே அமைந்தது குந்தா. தென்மேற்குப் பருவமழையின் முதல் அடியைத் தாங்குவது இதன் மலைச்சுவரே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. இத்தகைய மழைக்கு மரபுவழியாக இங்கு அமைந்த விடையும் செங்குத்தான புற்கூரையே. தோதவர் இல்லம் இதற்குத் தெளிவான சான்று. மூங்கிலையும் பிரம்பையும் அரைவட்டமாக வளைத்து, அதன்மேல் தரைவரை இறங்குமாறு புல் வேய்ந்து, முன்னும் பின்னும் மரப்பலகைகளால் அடைத்துவிடுவர். வாயில் மிகச் சிறியது. குனிந்தும் தவழ்ந்துமே உள்ளே செல்ல இயலும். ஷாட்டரியின் வளைமரங்கள் கற்பித்த பாடத்தையே இங்கு மூங்கில் கற்பிக்கிறது: கூரை தானே தன்னைத் தாங்கிக்கொள்கிறது, சுவர் வேண்டுவதில்லை.

படுகர் வீடு வேறு வகையைச் சேர்ந்தது. ஒரே முகட்டின் கீழ்ப் பல வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கும். இடையே தடுப்புச் சுவர் மட்டும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வெளியறை, ஓர் உள்ளறை. சில வீடுகளில் தானியத்துக்குப் பரண். முற்காலத்தில் மண்சுவர், புற்கூரை. வரிசையின் முன்னே பொதுவான முற்றம். தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளும் பார்வைக்கு இவ்வாறே வரிசையாயிருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அது பிழை. லைனில் அடுத்தடுத்துக் குடியிருப்போரைச் சேர்த்துவைத்தது கம்பெனி. ஹட்டியில் அவர்களைச் சேர்த்துவைத்தது இரத்த உறவு.

வீட்டின் ஒரு பகுதியைத் தடுத்துப் பால் வைக்கும் அறையாக்குவர். அதற்கு ஹாகோட்டு என்று பெயர். இங்கே பெண்கள் நுழைதல் ஆகாது. தீட்டுற்ற ஆடவரும் நீராடித் தூய்மை பெறும்வரை நுழையார். தோதவரிடையே இது இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அவர்களது பால் இல்லமே கோவில். இப்போது ஆங்கிலப் பண்ணை வீட்டின் பால் அறையை எண்ணிப் பார்க்க வேண்டும். அது வீட்டின் வடபுறத்தில், வெயில் படாத குளிர்ந்த மூலையில் அமையும். அதை ஆண்டவள் பண்ணையின் தலைவி. பால் கறப்பதும் வெண்ணெய் கடைவதும் பாலாடைக்கட்டி செய்வதும் பெண்களின் தொழில். பால் அறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பணிப்பெண்ணைக் குறித்த பழஞ்சொல்லினின்றும் பிறந்ததாகும். மண்ணும் சாணமும் புல்லும் புகையும் மாடும் என எல்லாவற்றிலும் ஒத்திருந்த இரு வீடுகள், பால் வைக்கும் இடத்தில் மட்டும் நேர் எதிராக நின்றன. கூரையில் இருந்ததைவிட மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் இருந்தது என்பது நம் கருத்து.

ஐரோப்பியரின் கண்ணில் பட்டதோ கூரையும் புகையுமே. புகையடைந்த இருண்ட வீடுகள் என்னும் வருணனை அக்காலத்து ஐரோப்பியர் எழுத்துக்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். 1815இல் நிறுவப்பட்ட பாசல் மிஷனின் ஊழியர்களுள் பலர் தென் ஜெர்மனியின் உழவர், கைவினைஞர் குடும்பங்களினின்றும் வந்தவர்கள். அப்பகுதியிலுள்ள கருங்காட்டு மலைகளின் பண்ணை வீடு உலகறிந்தது. மனிதர், மாடு, வைக்கோற் போர் அனைத்தையும் ஒரே பெருங்கூரை மூடியிருக்கும். சமையலறைக்குப் புகைபோக்கி இல்லை. புகை கூரைக்குள்ளேயே பரவி, அங்கே தொங்கவிட்ட இறைச்சியைப் பதப்படுத்திவிட்டு வெளியேறும். கூட்டாக் என்னும் இடத்தில் 1612இல் கட்டப்பட்ட அத்தகைய வீடொன்று இன்று காட்சியகமாக விளங்குகிறது. அவ்வீடுகளில் 19ஆம் நூற்றாண்டிலும் மக்கள் குடியிருந்தனர். தம் பாட்டனார் வீட்டில் எளிமை என்று தோன்றியது, ஹட்டியில் இருள் என்று தோன்றியிருக்கிறது. இருநூறு, முந்நூறு ஆண்டுக் கட்டட வளர்ச்சியின் இடைவெளி, இரு சமயங்களுக்கிடையிலான இடைவெளியாகக் கணக்கிடப்பட்டுவிட்டது. மெட்ஸ் ஐயரை நாம் இக்குற்றச்சாட்டில் முழுமையாகச் சேர்க்கமாட்டோம். மலைவாழ் மக்களைப் பற்றி அவர் எழுதிய நூல், ஊர் ஊராக நடந்து, அவர்கள் மொழியில் உரையாடி அறிந்ததன் விளைவு.

வேடிக்கையான ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். ஆங்கிலேயர் உதகையில் கட்டிக்கொண்டவற்றிற்கு பங்களா என்றே பெயர். சல்லிவன் உதகையில் 1822இல் கட்டத் தொடங்கிய வீட்டை மலைமக்கள் கல் பங்களா என்றனர். பங்களா என்பதோ வங்காளத்து உழவனின் கூரை வீட்டினின்றும் வந்த பெயர். ஆக, நம் மக்கள் வெள்ளையர் வீடென்று வியந்து நோக்கியது, வங்கத்துக் குடியானவனின் வீட்டுப் பெயரைத் தாங்கியே மலையேறியது.

இனி, திருமுழுக்குப் பெற்றவரின் நிலையைக் காண்போம். ஆங்கில உழவனின் வீடு தனி வீடு. அவன் தன் சமயப் பிரிவை மாற்றிக்கொண்டு மெதடிஸ்தனாகவோ பாப்திஸ்தனாகவோ ஆனால், அவன் கூரைக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஹட்டியில் அவ்வாறன்று. முகடு ஒன்று, கூரையைப் புதிதாக வேய வேண்டுமாயின் வரிசை முழுவதும் கூடியே வேய வேண்டும். முற்றம் ஒன்று. ஹாகோட்டின் தூய்மை விதி குடும்பத்தார் அனைவரையும் கட்டுப்படுத்துவது. இத்தகைய வரிசையின் நடுவே ஒரு வீட்டார் மட்டும் புதிய வழியைத் தழுவினால், அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து அதைச் செய்தல் கட்டட அமைப்பின்படியே கடினம். முதல் படுகர் கிறிஸ்தவர்கள் தம் ஊரை விட்டு மிஷன் நிலத்தில் குடியேற நேர்ந்ததற்குப் பகைமை ஒன்றையே காரணமாகக் கூறுதல் நம் வழக்கம். பகைமை இருந்தது உண்மை. ஆயினும் அப்பகைமைக்கு ஒரு வடிவம் இருந்தது. அவ்வடிவம் அந்த ஒற்றை முகடு. தனிமனித மனந்திரும்புதலையே பெரிதும் வலியுறுத்திய பக்தி இயக்கத்தில் வளர்ந்த நம் முன்னோடிகள், ஒரு வரிசை முழுவதும் சேர்ந்து எவ்வாறு நற்செய்தியைக் கேட்கக்கூடும் என்னும் வினாவைப் போதிய அளவு எழுப்பவில்லை. தனி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அவ்வினா எளிதில் தோன்றாது என்பதையும் நாம் நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூரையின் வரலாற்றில் பாசல் மிஷனுக்கு வேறொரு பங்கும் உண்டு. 1865இல் மங்களூரில் பிளெப்ஸ்ட் என்னும் ஊழியரின் முயற்சியால் அம்மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. சாதியை இழந்து பிழைப்பையும் இழந்த கிறிஸ்தவர்களுக்கு வேலை தருவதே அதன் நோக்கம். ஒன்றோடொன்று கொளுவும் அச்சு ஓடுகள் அங்கிருந்து தென்னகம் முழுவதும் பரவின. 1914இல் போர் மூண்டபின் ஜெர்மானிய ஊழியர்கள் அகற்றப்பட்டு, தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குச் சென்றன. ஓடு மட்டும் நின்றுவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் படுகர் வீடுகளிலும் ஓடும் துத்தநாகத் தகடும் ஏறலாயின. ஓட்டுக்கு அத்துணைச் செங்குத்தான சரிவு வேண்டா. அறுத்த மரச்சட்டம் போதும். தீயின் அச்சமும் இல்லை. ஊரார் அனைவரும் கூடி வேயும் தேவையும் அதனோடு நீங்கிற்று. ஒருவர் தம் வீட்டுப் பகுதிக்கு மட்டும் ஓடு போட்டுக்கொள்ளலாம். மிஷனின் பிரசங்கத்தைவிட மிஷனின் ஓடு அந்த ஒற்றை முகட்டை விரைவாகப் பிரித்தது என்று கூறினால் அது மிகையாகாது.

மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தைப் போதிப்போர் இதை நோக்கலாம். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரும் கூரையைத் திறந்ததைக் கூறுகையில், மாற்கு பயன்படுத்தும் கிரேக்க வினை தோண்டுதலைக் குறிப்பது. மிலாறும் களிமண்ணும் இட்ட பாலஸ்தீனத்து மண்கூரையையே அவர் மனக்கண்ணில் காண்கிறார். அதே நிகழ்ச்சியைக் கூறும் லூக்கா ஓடு என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறார். கிரேக்க நகரங்களிலிருந்த தம் வாசகர்கள் அறிந்த கூரையை அவர் அவ்வீட்டின்மேல் ஏற்றிவிட்டார் என்று உரையாசிரியர் பலர் கொள்வர். லூக்காவுக்குத் தகுவது நமக்கும் தகும். குந்தாவில் இப்பகுதியைப் பிரசங்கிப்போர், அது யார் வீட்டுக் கூரை, மறுநாள் அதை யார் சேர்ந்து வேய்ந்திருப்பர் என்று சபையாரிடம் கேட்டால், நம் முதியோர் நம்மைவிட நன்றாக விடை கூறுவர்.

புற்கூரை இன்று இம்மலைகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தோதவர் கோவில்களுக்கு வேண்டிய புல்லுக்கே தொலைவான சரிவுகளுக்கும் சதுப்புகளுக்கும் செல்ல வேண்டியுள்ளது. புல்வெளிகள் சீகை மரத்துக்கும் கற்பூர மரத்துக்கும் தேயிலைக்கும் இரையாகிவிட்டன. கேத்திப் பண்ணையில் நின்ற அச்சில தேயிலைச் செடிகளின் வழிவந்த மாற்றம் இறுதியில் கூரைப் புல்லையும் உட்கொண்டது. ஹட்டிகளில் ஓட்டு வரிசைகளும் ஒவ்வொன்றாக இடிபட்டுக் கான்கிரீட் மாடிகள் எழுகின்றன. அதைக் குறைகூற நாம் யாரும் உரிமையுடையோர் அல்லேம். பெருமழையில் ஒழுகும் வீட்டில் குடியிருப்பவருக்கே அதன் துன்பம் தெரியும். ஆனால் நம் சபைகளுக்குரிய பழைய ஜெபவீடுகளையும் ஊழியர் இல்லங்களையும் எவ்விதக் குறிப்பும் எடுக்காமல் இடித்துவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

ஆகவே கோடை விடுமுறைப் பயிற்சிக்காக மஞ்சூர் வட்டாரத்துக்கும் கேத்திக்கும் அனுப்பப்படும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஓர் அளவு நாடாவும் கோட்டுத்தாளும் கொண்டு செல்லுங்கள். இடிக்கப்படவிருக்கும் வீட்டின் நீளம், அகலம், சரிவு, சுவரின் கனம், அடுப்பின் இடம் ஆகியவற்றை வரைந்துகொள்ளுங்கள். ஓட்டின் அடிப்புறத்தில் தொழிற்சாலை முத்திரை இருந்தால் படியெடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் முதலில் ஓடு போட்டவர் யார், கடைசிவரை புல் வேய்ந்திருந்தவர் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களின் வீடுகளில் ஹாகோட்டுக்கு இடம் விடப்பட்டதா, விடப்பட்டிருந்தால் அதனுள் முதன்முதலாக நுழைந்த பெண் யார் என்பதை அவ்வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வாருங்கள்.